படித்ததாகக் கொள்ளப்பட்டது

ஆந்திர நகராட்சிகளின் வார்டு சச்சிவாலய அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் தீர்மானம் எழுதக் கற்றுத்தரும்படி திருப்பதிப் பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். நீங்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் வயதில் நானும் பயிற்சி வகுப்பில் தூங்கியவன்தான். அப்போது ஃபோன் இல்லாததால் தூங்க வேண்டியிருந்தது. தீர்மானம் எழுதும் முறையெல்லாம் கைடு புத்தகத்தில் இருக்கிறது. அன்று மேடையில் சொல்ல வெட்கப்பட்டு விழுங்கிய ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஃபோனிலேயே படிக்கலாம்.

நான் வேலை பார்த்தது சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் உள்ள ஒரு நகராட்சி. பெயர் வேண்டாம், இன்னும் அங்கே என் பென்ஷன் ஃபைல் இருக்கிறது. வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, கம்ப்யூட்டரில் ஆங்கிலம் என்று ஓட்டிய பிழைப்பு. முக்கால்வாசி சர்வீஸ் சானிடரி இன்ஸ்பெக்டராக ஊர் சாக்கடைகளை எல்லாம் சுற்றினேன். பைக்கில் இருந்து விழுந்து முட்டி போன பிறகு, நாற்காலியில் உட்காரும் வேலையாகக் கவுன்சில் பிரிவைக் கொடுத்தார்கள்.

கவுன்சில் பிரிவில் வேலை இவ்வளவுதான்: கூட்டத்துக்கு அஜெண்டா தயார் செய்வது, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு குறிப்பு எழுதுவது, கூட்டத்தில் அதை வாசிப்பது, முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பது. வாசிப்பது என்று சொன்னேனே தவிர, யாரும் வாசித்துப் பார்த்ததில்லை. சேர்மன் “அடுத்தது” என்பார். நான் குறிப்பின் எண்ணைச் சொல்வேன். “படித்ததாகக் கொண்டு, ஒப்புக்கொள்ளப்பட்டது” என்று யாராவது சொல்வார்கள். நாட்டில் எல்லா நகராட்சியிலும் இப்படித்தான் என்று எங்கள் மேனேஜர் சொல்வார். அவர் வேறு நகராட்சியைப் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் இதற்கு மேல் இன்னொரு வழக்கமும் உண்டு. கவுன்சிலர்கள் உள்ளே நுழையும்போதே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் வடை. கூட்டம் முடிந்தபின் போடலாம் என்று வைத்தால், பாதிப் பேர் கல்யாணம், பாதிப் பேர் கருமாதி என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் முதலில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து, அதற்கு மேலே தீர்மானத்தை நான் சாவகாசமாக எழுதிக்கொள்வேன். என்னை நம்பினார்கள். அவர்கள் நம்பியதில் தப்பில்லை என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கையில் மாநில அரசிடமிருந்து ஒரு வரைவு வந்தது. நகராட்சிச் சட்டத்தில் சில்லறைக் குற்றங்கள் பலவற்றுக்குச் சிறைத் தண்டனை இருக்கிறது. குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது, ஏரிக்கு வரும் கால்வாயில் கழிவைக் கொட்டுவது, இப்படி. இவற்றுக்கெல்லாம் ஜெயில் வேண்டாம், அபராதம் போதும், ஏற்கெனவே உள்ள வழக்குகளையும் அப்படியே முடித்துவிடலாம் என்பது வரைவு. வார்டு வார்டாகக் கூட்டம் போட்டு ஜனங்களிடம் கை தூக்கச் சொல்லி எண்ணு, பிறகு கவுன்சிலின் கருத்தையும் தீர்மானமாக அனுப்பு என்று உத்தரவு.

வார்டுக் கூட்டங்களில் பிரச்சினையே இல்லை. ஜெயில் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் பள்ளிக்கூடமே எழுந்த மாதிரி கைகள் எழுந்தன. வீட்டில் மோட்டார் வைத்திருப்பவர்களின் கை கொஞ்சம் உயரமாக எழுந்தது. ஒரே ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் கை தூக்கவில்லை. ஜெயில் இருக்கட்டும் என்றார். அவர் வீட்டுக்குக் குழாய் இணைப்பே கிடையாது.

மூன்றாம் வார்டுக் கூட்டத்தில் ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். ஒரு ஆளுக்கு ஒரு கைதான் எண்ணுவோம் என்று சொன்னேன். இடது கையை இறக்கினார், வலது கை அப்படியே இருந்தது. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். ஒல்லியான ஆள், வெயிலில் கறுத்த முகம், காக்கிச் சட்டை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

“சார், அந்த ஜெயில எடுத்துட்டா நம்ம கேஸு பூடுமா?” என்றார்.

எந்தக் கேஸ் என்று கேட்டேன்.

“இன்னா சார் இப்டி கேக்கறீங்க. நீங்கதானே போட்டீங்க. மாங்கா தோலு கேஸு.”

அவர் பெயர் முனிரத்தினம். டிராக்டர் டிரைவர். சொந்த ஊர் நகரி பக்கம். நான் சானிடரி இன்ஸ்பெக்டராக இருந்தபோது அவர் மேல் ஒரு வழக்குப் போட்டதும், அது சித்தூர் கோர்ட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதும் அவர் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், பெயரைக் கூப்பிட்டதும் கை கட்டி நின்றுவிட்டு, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

இப்போது அவசரம் என்னவென்றால், திருப்பதியில் ஒரு டிராவல்ஸ்காரர் அவரை வேன் ஓட்ட அழைத்திருக்கிறார். பக்தர்களை ஏற்றிக்கொண்டு காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வரும் வண்டி. மாதச் சம்பள வேலை. ஆனால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வழக்கு எதுவும் இல்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டும். ஆடி மாதம் முடிவதற்குள் கொண்டுவந்தால் இடம் உனக்கு, அதற்கு மேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாராம்.

“ஸ்டேஷன்ல போய் கேட்டா, ஜெயிலு போற செக்‌ஷன்ல கேஸு கீது, தர முடியாதுன்றாங்க சார். டிராக்டர் சீட்டுல உக்காந்து உக்காந்து இடுப்பு போய்டிச்சி. இன்னும் எத்தினி வருசம் ஓட்ட முடியும்? இந்த வேன் வேல கெடச்சா போதும்.”

வரைவு கவுன்சிலுக்கு வரும், பிறகு அரசுக்குப் போகும் என்று விளக்கினேன். கவுன்சில் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். ஒத்துக்கொள்ளாது என்று எனக்கு அப்போதே தெரியும். நம் வேலையில் “பார்க்கலாம்” என்ற சொல்லை எவ்வளவு உபயோகப்படுத்துகிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

கவுன்சில் ஏன் ஒத்துக்கொள்ளாது என்பதைப் புரிந்துகொண்டால் நகராட்சியைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி. எங்கள் ஊரில் அந்தச் சட்டத்தில் யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை. ஆனால் ஜெயில் என்ற வார்த்தை சட்டத்தில் இருந்தது. மோட்டாரைப் பிடுங்கப் போனால் வீட்டுக்காரர் நேராகக் கவுன்சிலர் வீட்டுக்கு ஓடுவார். கவுன்சிலர் இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டு, நம்ம ஆள், விட்டுடு என்பார். இன்ஸ்பெக்டர் விட்டுவிடுவார். வீட்டுக்காரர் ஆயுசுக்கும் அந்தக் கவுன்சிலருக்கு நன்றியோடு இருப்பார். காலையில் கவுன்சிலர் வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடக்க வேண்டுமானால், சட்டப் புத்தகத்தில் ஜெயில் இருந்தாக வேண்டும். வெறும் அபராதம் என்றால் ஜனங்கள் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் கவுன்சிலரை யார் தேடுவார்கள்?

இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. ஊரில் பயம் விட்டுப்போகும் என்று சொன்னார்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தெருவிளக்கு விஷயத்தில்கூட ஒன்றுசேராதவர்கள். ஏழாவது வார்டுக் கவுன்சிலர் வரைவை மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தார். அவர் வீட்டில் இரண்டு மோட்டார்.

கமிஷனர் இளம் வயது, கோதாவரிப் பக்கத்துக்காரர், ஒழுங்கு பிடித்தவர். என்னைக் கூப்பிட்டு, கவுன்சில் எதிர்ப்பதென்றால் எதிர்க்கட்டும், ஆனால் காரணம் வேண்டும் என்றார். சிறைத் தண்டனை இருப்பதால் இந்த ஊருக்கு விளைந்த நன்மை, உதாரணத்தோடு ஒரு பாரா, குறிப்பில் சேர்த்துவிடுங்கள் என்றார். நியாயமான கோரிக்கை. வழக்குப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். கனமான புத்தகம், அட்டை போட்டது. முதல் பக்கத்தில் ஒரு பதிவு இருந்தது. மற்ற பக்கங்கள் வாங்கி வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தன.

அந்த ஒரு பதிவு முனிரத்தினம்.

ஃபைலை எடுத்தேன். முதல் காகிதம் நான் சம்பவ இடத்தில் எழுதிய பஞ்சநாமா, தமிழில் மகஜர் என்பார்கள். அதைப் படித்ததும் அந்த நாள் அப்படியே வந்து நின்றது. மாம்பழக் காலம். ஊருக்கு வெளியே இருந்த மாம்பழக் கூழ் ஆலைக்கு பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் சமயம். பிழிந்த பிறகு மிஞ்சும் தோலும் கொட்டையும் மலையாகக் குவியும். அதைக் கொண்டுபோய் ஏரிக்கு வரும் கால்வாயில் கொட்டிவிட்டார்கள். ஊரே புளித்து நாறியது. ஈக்கள் சாப்பாட்டுத் தட்டில் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டன. மேலிடத்திலிருந்து ஃபோன்: சாயங்காலத்துக்குள் ஒரு கேஸாவது போடு.

நான் போனபோது கால்வாய் ஓரத்தில் ஒரு டிராக்டர் தோலைக் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். பிறகு ஆலைக்குப் போனேன். ஆலை மேனேஜர், முதலாளி பெங்களூரில் இருக்கிறார், நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். எங்கள் வழக்கத்தில் பஞ்சநாமாவில் யார் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்தான் முதல் குற்றவாளி. கையெழுத்து இல்லாமல் காகிதம் நிற்காது. திரும்பக் கால்வாய்க்கு வந்தேன். டிரைவர் நின்றுகொண்டிருந்தார். சாவி வேண்டுமானால் இதில் போடு என்றேன். டிராக்டர் வாடகை வண்டி, இருட்டுவதற்குள் உடையவரிடம் விட வேண்டும். போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தோல் யாருடையது என்று அந்தப் பஞ்சநாமாவில் ஒரு வரிகூட இல்லை. வாயைத் திறந்து கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

இதுவரை படித்தது அவமானமாக இருந்தது. அடுத்துப் படித்தது அதைவிட மோசம். பஞ்சநாமாவுக்குக் கீழே சின்னச் சின்னச் சீட்டுகள் பின் செய்திருந்தன. நகராட்சி வக்கீல் ஆபீஸிலிருந்து வந்தவை. வழக்குப் போட்ட அதிகாரி வந்து சாட்சி சொன்னால் வழக்கு முடிந்துவிடும், இந்தத் தேதியில் வருகிறாரா, அல்லது வேறு பணியில் இருக்கிறார் என்று சொல்லி அடுத்த தேதி வாங்கிவிடட்டுமா என்று கேட்கும் சீட்டுகள். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக என் சின்னக் கையெழுத்து. தபால் கட்டு வந்தால் மேலிருந்து கீழ்வரை கையெழுத்துப் போட்டுத் தள்ளுவது என் பழக்கம். வேகமான ஆள் என்று அதற்காகப் பெயர்கூட வாங்கியிருந்தேன். பதில் வராததால் வக்கீல் பதினொரு முறையும் தேதி வாங்கியிருக்கிறார். முனிரத்தினம் பதினொரு முறையும் பஸ் ஏறியிருக்கிறார்.

எங்கள் ஆபீஸ் மேனேஜரிடம் காட்டினேன். இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நல்ல மனுஷன். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றார். சிறைத் தண்டனை என்ற பயம் இருப்பதால்தான் ஒரு ஆள் இத்தனை வருடம் ஒரு வாய்தா தவறாமல் ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வருகிறார், அபராதம் என்றால் வந்திருப்பாரா, இதையே பாராவாக எழுது என்றார். கிண்டலாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

கூட்டத்தன்று காலையில் கவுன்சிலர்கள் வழக்கம்போல் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வடைக்குப் போனார்கள். புத்தகம் என் மேஜையில் திறந்தபடி இருந்தது. அடியில் எல்லார் கையெழுத்தும், மேலே வெள்ளைக் காகிதமும். அப்போது எனக்கு வந்த எண்ணத்தை மறைக்க மாட்டேன். “வரைவை இக்கவுன்சில் ஏகமனதாக வரவேற்கிறது” என்று நான் எழுதினால் யாருக்குத் தெரியும்? யாரும் படிக்கப் போவதில்லை. அரசுக்குப் போய்விடும். ஜனங்களும் அதைத்தான் கேட்டார்கள். ஒரு ஆளுக்கு நல்லது செய்த மாதிரியும் ஆகும். பேனா மூடியைக் கழற்றினேன்.

பிறகு மூடினேன். நான் யோக்கியன் என்பதால் இல்லை. படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு மேல் அடுத்தவன் தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் ஃபைலில் கையெழுத்தோடு இருந்தது. கால்வாய் ஓரத்தில் நான் செய்ததையே இரண்டாவது தடவை, இந்த முறை நல்ல காரியத்துக்காகச் செய்யப் போகிறேன் என்று தோன்றியது. நல்ல காரியத்துக்காகச் செய்பவனைத் தடுப்பது ரொம்பக் கஷ்டம், அதனால் ஆரம்பத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

கூட்டம் ஆரம்பித்தது. சேர்மன் ஒரு அம்மா. நெசவுக் குடும்பம், புத்தூர் பக்கத்தில் பிறந்தவர். பேருக்குத்தான் சேர்மன், நடத்துவது வீட்டுக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த எனக்குத் தெரியும், வீட்டுக்காரர் கார் கதவைத் திறந்துவிடுவதோடு சரி. “அடுத்தது” என்றார். நான் குறிப்பின் எண்ணைச் சொன்னேன். படித்ததாகக் கொண்டு, என்று ஏழாவது வார்டு ஆரம்பித்தார். நான் எழுந்து, இதைப் படித்துவிடுகிறேன் என்றேன்.

மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒருவர் படித்து அவர்கள் பார்த்ததில்லை. கமிஷனர் கேட்ட பாரா அதில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெலுங்கில் படித்தேன். இந்தப் பிரிவில் இந்த நகராட்சி இதுவரை போட்ட வழக்கு ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவர் வாடகை டிராக்டரின் டிரைவர். கழிவு யாருடையது என்று விசாரிக்கப்படவில்லை. விசாரிக்காதவர் இந்தக் குறிப்பை எழுதுபவர். வழக்கு இத்தனை வருடம் முடியாததற்குக் காரணம், சாட்சி சொல்ல வராதவர். அவரும் இந்தக் குறிப்பை எழுதுபவர். சிறைத் தண்டனையால் விளைந்த நன்மை என்று வேறு உதாரணம் பதிவேட்டில் இல்லை. படித்து முடித்து உட்கார்ந்தேன்.

யாரும் வடையை மெல்லவில்லை. என் உரைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. ஏழாவது வார்டு, இது பழைய விஷயம், அந்த ஆலையே மூடியாகிவிட்டது என்றார். கமிஷனர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேர்மன் அம்மா என் பக்கம் திரும்பினார். அவர் கூட்டத்தில் தெலுங்குதான் பேசுவார். கோபம் வந்தால் தெலுங்கு போய்விடும்.

“சட்டத்துல இன்னா தப்பு கீது இதுல? தப்பு உங்களுது. நீங்க பண்ண தப்புக்கு நாங்க ஏன் சட்டத்த மாத்த கை தூக்கணும்? கோர்ட்டு சித்தூர்ல தானே கீது? போய் சொல்லுங்க. இந்த ஒரு ஆள விட்றதுக்கு சட்டம் மாறணும்னு காத்துகினு இருந்தீங்களா?”

அந்த அம்மா செருப்புக் கணக்குக்காகத்தான் வரைவை எதிர்த்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று அவர் சொன்னது முழுக்கச் சரி. அரசு ஜெயிலை எடுக்குமா, கவுன்சில் கை தூக்குமா என்று நான் பெரிதாக யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொரு சீட்டில் ஒன்றை ஒருமுறை படித்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இதை என்னிடம் சொல்ல ஒருவர் என் மேல் கோபப்பட வேண்டியிருந்தது.

வரைவை எதிர்த்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வெற்றுப் பக்கத்தில் அப்படியே எழுதினேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் குறிப்பை இணைப்பாகச் சேர்த்தேன். மறுநாள், அலுவல் குறிப்பில் சொந்த விஷயத்தைச் சேர்த்தது ஏன் என்று கமிஷனரிடமிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது. வேறு உதாரணம் கிடைக்காததால் என்று பதில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அந்த மெமோவை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

அடுத்த வாய்தா ஆடியின் கடைசி வாரத்தில் விழுந்தது. வக்கீலுக்கு ஃபோன் செய்து, இந்தத் தடவை தேதி வாங்க வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். எதற்கு சார் வீணாக, என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். சித்தூருக்கு பஸ்ஸில் போனேன். வேண்டுமென்றுதான். கோர்ட் வராந்தாவில் முனிரத்தினம் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காருங்கள் என்று அந்த இடத்தைக் காட்டினார். அங்கே ஃபேன் காற்று வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

மாஜிஸ்டிரேட் வயதில் சின்னவர். பஞ்சநாமாவைப் படித்தார், முழுவதையும் படித்தார். கழிவு யாருடையது என்று கேட்டார். விசாரிக்கவில்லை என்றேன். அந்த இடத்தில் வேறு யாரையாவது கேட்டீர்களா? இல்லை. அப்படியானால் இவர் ஏன் கையெழுத்துப் போட்டார்?

“சாவி வேண்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது.”

எழுதிக்கொண்டார். நான் கூண்டில் நின்றது, கடிகாரம் பார்க்கவில்லை, ஒரு டீ குடிக்கும் நேரம் இருக்கும். இதற்குத்தான் அத்தனை வருடம். தீர்ப்பை அடுத்த வாரத்துக்கு வைத்தார்கள். அடுத்த வாரம் விடுதலை. ஆனால் அதற்குள் ஆவணி பிறந்துவிட்டது.

தீர்ப்பின் நகல், ஸ்டேஷனில் பதிவை நீக்குவது, நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் என்று சான்றிதழ் கைக்கு வரும்போது புரட்டாசி. டிராவல்ஸ்காரர் சொன்ன சொல் தவறாதவர். ஆவணி முதல் வாரமே வேறு ஆளைப் போட்டுவிட்டார். மாதச் சம்பள டிரைவர் லீவு போட்டால் ஆக்டிங் டிரைவராகக் கூப்பிடுகிறேன் என்று முனிரத்தினத்தின் ஃபோன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். இதை என்னிடம் சொல்லும்போது முனிரத்தினம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒன்றுதான் கேட்டார்.

“இனிமே நான் சித்தூருக்கு வரவாணாம் இல்ல சார்?”

வரவேண்டாம் என்றேன்.

எங்கள் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் ஓய்வு பெறும் மாதத்தில் அரசிடமிருந்து திரும்பி வந்தது. இணைப்பில் உள்ள உதாரணம் தீர்மானத்துக்கு ஆதரவாக இல்லை, விளக்கவும் என்று ஒரு வரி. யாரோ ஒருவர் அங்கே படித்திருக்கிறார். யார் என்று தெரிந்தால் போய்ப் பார்த்திருப்பேன். அந்த வரைவு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஆதரவா எதிர்ப்பா என்று நீங்கள் என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. ஜெயில் இருந்தபோதும் என்னைப் போன்ற ஒருவன் ஒரு சாவியை வைத்துக்கொண்டு ஒரு ஆளை அலைக்கழிக்க முடிந்தது. அபராதம் ஆனாலும் முடியும். மூலையில் போடும் அந்தச் சின்னக் கையெழுத்துக்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை.

போன மாதம் பென்ஷன்காரர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர் திருப்பதியிலிருந்து வேன் பிடித்துக் காணிப்பாக்கம் போனோம். வாழ்நாளெல்லாம் எழுதிக் கிழித்தவன் என்பதால் குழுத் தலைவனாக என் பெயரைப் போட்டிருந்தார்கள். எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. வெயில். பயணிகள் பட்டியலை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார் டிரைவர். நிமிர்ந்தால் முனிரத்தினம். அன்று அந்த வண்டியின் டிரைவருக்கு லீவு. இருவரும் நலம் விசாரித்துக்கொண்டோம். இடுப்பு பரவாயில்லை என்றார்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பின் சீட்டிலிருந்து எங்கள் பழைய மேனேஜர், என்னப்பா அதில் படிக்க, போட்டுக் கொடு, வண்டி கிளம்பட்டும் என்று சத்தம் போட்டார்.

முனிரத்தினம் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

“கொஞ்சம் இருங்க சார். அவரு படிச்சிட்டுதான் போடுவாரு.”

வண்டியில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் படித்தேன். மூன்றாவது பெயர் என்னுடையது, இனிஷியல் தப்பாக இருந்தது. திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.